பிடிச்ச வரியும் கட்டுற வரியும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், 2026 ஜனவரியில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க வீட்டுல ஆறு மிஷின் போட்டு ஷூ கம்பெனிக்கு அப்பர் தைச்சுக் கொடுக்குறோம். வீட்டுக்காரர் தோல் ஷாப்புல வேலை. மிஷின் கடன் குழு மூலமா என் பேருல வாங்கினதால யூனிட்டும் என் பேருலதான் இருக்குது, கணக்கும் என் பொறுப்பு. அதனாலதான் வரி பத்திப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்காங்க.

நம்ம பக்கத்துல வரின்னு சொன்னா வீட்டு வரி, தண்ணி வரி. ஊராட்சி ஆபீஸ்ல கட்டி ரசீது வாங்கி பெட்டியில வெப்போம். வருமான வரின்னா அது டேனரி முதலாளிக்கும், ஸ்கூல் டீச்சருக்கும்தான்னு ஒரு நினைப்பு. ஆனா ஒரு விஷயம் கேளுங்க. உங்க பேருல ஷூ கம்பெனியிலிருந்து ஜாப் ஒர்க் கூலி வருதா? கம்பெனி வேலையை விட்டுட்டு பி.எஃப். பணம் எடுத்தீங்களா? பேங்க்ல டெபாசிட் போட்டிருக்கீங்களா? இதுல ஒண்ணு இருந்தாலும் உங்க காசுல வரி ஏற்கெனவே பிடிச்சிருக்கலாம். கணக்கு போடுறதுக்கு முன்னாடியே, முன்கூட்டியே எடுத்துக்குற வரி அது. டி.டி.எஸ்.னு சொல்றாங்க. நீங்க கேக்காம அதை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டாங்க.

எங்க கணக்கையே சொல்றேன். 2024-25 வருஷத்துல எங்க யூனிட்டுக்கு வந்த கூலி 11 லட்சத்து 40 ஆயிரம். அதுல தையல் ஆளுங்க கூலி, நூல், ஊசி, பேஸ்ட், கரண்ட், மிஷின் ரிப்பேர், வண்டி வாடகை எல்லாம் போக கையில நின்னது 2 லட்சம் சொச்சம். அந்த வருமானத்துக்கு வரி ஒரு ரூபாகூட கிடையாது. ஆனா கம்பெனி என்ன பண்ணுது? ஒரே பில்லு 30,000 தாண்டினாலோ, வருஷத்துல மொத்தம் 1 லட்சம் தாண்டினாலோ, நூத்துக்கு 1 ரூபா பிடிச்சுட்டுத்தான் கொடுக்கணும்னு சட்டம். அவங்க பிடிக்கிறது மிச்சத்துல இல்ல, மொத்தக் கூலியில. அப்படி 11,400 ரூபா போயிருந்துச்சு. கம்பெனி மேல தப்பில்ல, சட்டப்படி பிடிச்சு என் பான் நம்பர்ல கட்டியிருந்தாங்க. ஜூலையில ரிட்டர்ன் போட்டோம், 11,400ம் என் கணக்குக்கே வந்துது. எங்க ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸுல ஒரு பங்கு அது.

பான் கொடுக்கலைன்னா நூத்துக்கு 1 இல்ல, 20 பிடிப்பாங்க. பான் இருந்தும் ஆதாரோட சேர்க்கலைன்னா அந்த பான் செயல்படாதுன்னு கணக்கு, அப்பவும் 20 தான். இங்க நம்ம பொம்பளைங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்குது. பான்ல அப்பா பேரு இருக்கும், ஆதார்ல வீட்டுக்காரர் பேரு இனிஷியலா இருக்கும், பேங்க் பாஸ்புக்ல மூணாவதா ஒரு ஸ்பெல்லிங். பான்ல கல்யாணமான பொண்ணுக்கும் அப்பா பேருதான் போடுவாங்க, அதுல பயப்பட ஒண்ணுமில்ல. நம்ம சொந்தப் பேரு, பொறந்த தேதி, ஆண் பெண் இந்த மூணும் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். இப்ப சேர்க்கணும்னா பெரும்பாலும் 1,000 ரூபா கட்டணம் உண்டு. அதையும் கட்டிச் சேர்த்துடுங்க. 1 லட்சம் கூலியில 20,000 போறதைப் பாக்க இது பரவாயில்ல.

இன்னொண்ணு. கூலியில 1 ரூபா பிடிச்சவங்க அதை நம்ம பேருல கட்டிட்டாங்களான்னு பாக்கணும். நாங்க வேலை செஞ்ச ஒரு இடத்துல, பேரு வேணாம், ஆறு மாசம் பில்லுல "வரி பிடித்தம்"னு கழிச்சுக்கிட்டே வந்தாங்க. 26ஏஎஸ்ங்கற அறிக்கையை எடுத்துப் பாத்தா என் பான்ல அவங்க பேருல ஒண்ணுமே இல்ல. நாலு தடவை போய்க் கேட்டேன். "ஆடிட்டரைக் கேளு"ன்னாங்க, ஆடிட்டர் "முதலாளியைக் கேளு"ன்னாரு. பில்லு எல்லாம் கோர்த்து வெச்சிருந்ததால அஞ்சாவது தடவை மேஜை மேல வெச்சேன். அப்புறம்தான் கட்டினாங்க. பிடிச்ச வரிக்கு 16ஏன்னு ஒரு சர்டிபிகேட் மூணு மாசத்துக்கு ஒருக்கா கொடுக்கணும், அது நம்ம உரிமை. வாங்குற பில்லு, கொடுக்கிற பில்லு எதையும் தூக்கிப் போடாதீங்க. பில்லே கொடுக்காம கையில காசு கொடுத்துட்டு "வரி கழிச்சுட்டேன்"னு சொல்றவங்ககிட்ட ரெண்டு மடங்கு உஷாரா இருங்க.

பி.எஃப். விஷயம் இங்க நிறைய பேருக்கு நடந்திருக்கும். ஷூ கம்பெனியில மூணு வருஷம், நாலு வருஷம் வேலை செஞ்சுட்டு, கல்யாணம்னோ பிரசவம்னோ நின்னுடுறோம். நின்ன கையோட பி.எஃப். எடுத்துடுறோம். அஞ்சு வருஷம் முடியாம எடுத்து, தொகை 50,000 அல்லது அதுக்கு மேல இருந்தா நூத்துக்கு 10 பிடிப்பாங்க. நம்ம வருமானத்துக்கு வரி வராதுன்னா, எடுக்கும்போதே 15ஜி பாரம் எழுதிக் கொடுத்தா பிடிக்க மாட்டாங்க. கம்பெனி வாசல்ல பாரம் நிரப்பிக் கொடுக்கிறவரு இதைச் சொல்றதில்ல. அதைவிட நல்லது, திரும்ப வேற கம்பெனிக்குப் போற எண்ணம் இருந்தா பணத்தை எடுக்காம பழைய பி.எஃப்.ஐ புதுசுக்கு மாத்திடுறது. ரெண்டு இடத்து சர்வீஸும் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆயிடும்.

இந்த 15ஜி பேங்க் டெபாசிட்டுக்கும் உண்டு. இந்த வருஷத்துலேர்ந்து ஒரு பேங்க்ல வட்டி 50,000 தாண்டினாத்தான் பிடிப்பாங்க, 60 வயசு ஆனவங்களுக்கு 1 லட்சம், அவங்க பாரம் 15எச். ஜாப் ஒர்க் கூலிக்கு 15ஜி செல்லாது, சிலர் அதுக்கும் எழுதி வாங்குறாங்க, வீண். அப்புறம் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்காரருக்கு ரிடையர்மெண்ட் பணமோ மனை வித்த பணமோ வந்தா, "உன் பேருல போட்டா வரி இல்ல"ன்னு சொல்லி நம்ம பேருல டெபாசிட் போடுறாங்க. பணம் அவர் கொடுத்ததுன்னா, நம்ம பேருல இருந்தாலும் அந்த வட்டி அவர் வருமானத்தோடதான் சேரும். நாம 15ஜில கையெழுத்துப் போட்டா பொய் உறுதிமொழி கொடுத்த மாதிரி ஆயிடும், பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்டவதான். நம்ம பேருல பணம் இருக்கட்டும், அது நமக்குப் பாதுகாப்பு, வேணாம்னு சொல்லல. கணக்கை மட்டும் நேரா காட்டச் சொல்லுங்க.

இப்ப நாம முன்கூட்டியே கட்ட வேண்டிய வரி. இந்த 2025-26லேர்ந்து புது முறையில வருஷ வருமானம் 12 லட்சம் வரைக்கும் வரி இல்ல. இந்தக் கூட்டத்துல அதைத் தாண்டுறவங்க குறைச்சல். ஆனா நம்ம கூட்டமைப்புல முப்பது மிஷின் போட்டு நடத்துற அக்காங்களும் இருக்காங்க, இன்னும் வரணும். அவங்களுக்காக ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன்.

ஒருத்தருக்கு வருஷத்துல 60 லட்சம் கூலி பில்லு. செலவு போக மிச்சம் 13 லட்சம்னு வெச்சுக்குங்க. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்ல. அடுத்த 4 லட்சத்துக்கு நூத்துக்கு 5, அது 20,000. அதுக்கு அடுத்த 4 லட்சத்துக்கு நூத்துக்கு 10, அது 40,000. கடைசி 1 லட்சத்துக்கு நூத்துக்கு 15, அது 15,000. ஆக 75,000. மேல நூத்துக்கு 4 செஸ், மொத்தம் 78,000. கம்பெனிங்க 60 லட்சத்துல 60,000 ஏற்கெனவே பிடிச்சிருக்கும். பாக்கி 18,000. பாக்கி 10,000 அல்லது அதுக்கு மேல இருந்தா வருஷம் முடியறதுக்கு முன்னாடியே கட்டணும். அதுதான் முன்கூட்டிய வரி, அட்வான்ஸ் டாக்ஸ். ஜூன் 15க்குள்ள நூத்துக்கு 15 பங்கு, செப்டம்பர் 15க்குள்ள 45, டிசம்பர் 15க்குள்ள 75, மார்ச் 15க்குள்ள முழுசும். சின்ன தொழிலுக்கு 44ஏடின்னு சுலப முறை இருக்குது, அதுல போறவங்க மார்ச் 15க்குள்ள ஒரே தடவையா கட்டினா போதும்.

கட்டாம ஜூலையில ரிட்டர்ன் போடும்போது கட்டினா மாசத்துக்கு நூத்துக்கு 1 வட்டி. 44ஏடில போறவங்களுக்கு 18,000க்கு எல்லாம் சேர்ந்து 900 ரூபா வரும். 900 பெரிய தொகை இல்லதான். நம்ம கஷ்டம் வட்டியில இல்ல, அந்த 18,000 மார்ச்சுல எங்கிருந்து வரும்கறதுல. கம்பெனி பேமெண்ட் ரெண்டு மாசம், மூணு மாசம் இழுக்கும். தையல் ஆளுங்களுக்கு சனிக்கிழமை கூலி நிறுத்த முடியாது. அப்ப வட்டிக்கு வாங்கி வரி கட்டுவோம். குழுவுல மாசா மாசம் சந்தா கட்டுற நமக்கு மாசம் 1,500 தனியா எடுத்து வெக்கிறது தெரியாத வேலை இல்ல. யூனிட் கணக்கு வேற, வரிக்கு ஒரு சின்ன சேமிப்புக் கணக்கு வேறன்னு வெச்சுட்டா அந்தப் பணத்தைத் தொட மனசு வராது.

"வருஷம் முடியல, எவ்வளவு வரும்னு எப்படித் தெரியும்?"னு கேப்பீங்க. மதிப்புதான் போடணும். மதிப்பு மாறும், அது தப்பில்ல. இந்த வருஷத்தையே பாருங்க. ஆடி வரைக்கும் ஆர்டர் ஓடிச்சு. ஆகஸ்ட் 27லேர்ந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆம்பூர் பக்கம் அமெரிக்காவுக்கு அனுப்புற கம்பெனிங்க தடுமாறிப் போச்சு. ஜூன்ல போட்ட மதிப்பு டிசம்பர்ல பொருந்தாது. அப்ப அடுத்த தவணையில குறைச்சுக் கட்டலாம். கூடுதலா கட்டியிருந்தா ரிட்டர்ன்ல திரும்ப வரும். அதுக்கு மாசக் கடைசியில ஒரு நோட்டுல வரவு, செலவு, பிடித்தம் மூணு வரி எழுதினாப் போதும்.

44ஏடில பேங்க் மூலமா வந்த கூலிக்கு நூத்துக்கு 6, ரொக்கமா வந்ததுக்கு 8 காட்டினா போதும்னு சொல்வாங்க. அது குறைஞ்ச பட்சம். நிஜமா மிச்சம் அதுக்கு மேல இருந்தா அதையே காட்டுங்க. வரி வராத அளவுல குறைச்சுக் காட்டி என்ன லாபம்? நாளைக்கு மிஷின் வாங்க பேங்க்ல லோன் கேட்டா அந்த ரிட்டர்னைத்தான் பாப்பாங்க. வருமானம் 70,000ன்னு எழுதிட்டு 5 லட்சம் கடன் கேட்டா யாரு கொடுப்பாங்க? வங்கியிலிருந்து வந்திருக்கிற ஐயா சிரிக்கிறாரு, அவருக்குத் தெரியும்.

மாசி, பங்குனி வந்தா இன்னொரு கூட்டம் வீடு தேடி வரும். "அக்கா, இந்தப் பாலிசி போட்டா வரி மிச்சம்." உங்களுக்கு வரியே இல்லைன்னா எதுல மிச்சம்? இன்சூரன்ஸ் வேணும்னா உயிருக்காகப் போடுங்க. புது முறையில இந்தப் பாலிசிக்கு வரிக் கழிவே கிடையாது. பத்து வயசுக்குள்ள பொண்ணு இருந்தா போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு வருஷத்துக்கு 250 ரூபாயிலேயே ஆரம்பிக்கலாம், இப்ப 8.2 சதவீத வட்டி, அந்த வட்டிக்கு வரி இல்ல. பொண்ணு படிப்புக்குன்னு போடுங்க, வரிக்காக இல்ல.

வீட்டு மனை விக்கிறவங்க ஒண்ணு கவனிங்க. அது நீண்ட கால லாபமா இருந்தா அதுக்கு 12 லட்ச சலுகை பொருந்தாது. வித்த கையோட ஆடிட்டரைப் பாத்து, அடுத்த தவணைத் தேதியிலேயே வரி கட்டணும். கிராமத்து விவசாய நிலத்துக்கு வேற சட்டம், கேட்டுட்டு செய்யுங்க.

கடைசியா பான் கார்டு. கம்ப்யூட்டர் சென்டர்ல ரிட்டர்ன் போடக் கொடுக்கும்போது அவங்க போன் நம்பரையும் அவங்க மெயிலையும் போட்டுடுறாங்க. அப்புறம் நோட்டீஸ் வந்தாலும், ரீஃபண்ட் வந்தாலும் சேதி அவங்களுக்குத்தான் போகும். உங்க நம்பர், உங்க பேங்க் கணக்கு, பாஸ்வேர்டு உங்க கையில. கூலி எவ்வளவுன்னு முதல்லயே கேளுங்க, ரீஃபண்டுல பங்கு கேக்கிறவங்ககிட்ட போகாதீங்க. கூலி வேலை செய்யிறவங்க பேருக்கு கோடிக்கணக்குல ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்த சேதி பேப்பர்ல படிச்சிருப்பீங்க. யாரோ லோன் வாங்கித் தரேன், உதவித்தொகை வாங்கித் தரேன்னு சொல்லி பான், ஆதார் ஜெராக்ஸ் வாங்கி அவங்க பேருல கம்பெனி திறந்துட்டாங்க. ஜெராக்ஸ் கொடுத்தா மேல "இன்ன வேலைக்கு மட்டும்"னு எழுதி, தேதி போட்டு, குறுக்கே கோடு போட்டுக் கொடுங்க. வர்ற ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க, பக்கத்து வீட்டுத் தம்பியா இருந்தாலும்.

வர்ற ஏப்ரல் 1லேர்ந்து புது வருமான வரிச் சட்டம் வருது. பிரிவு நம்பர், பாரம் நம்பர் எல்லாம் மாறும். அதனால "15ஜி"ன்னு மனப்பாடம் பண்ணாதீங்க. "வரி பிடிக்க வேணாம்னு எழுதிக் கொடுக்கிற பாரம்"னு கேட்டு வாங்குங்க. 2024-25க்கு ரிட்டர்ன் போடாதவங்களுக்கு போன டிசம்பர் 31ஓட காலம் முடிஞ்சுது. 2025-26க்கு ரிட்டர்ன் போடுற கடைசித் தேதியைக் கேட்டு மனசுல வெச்சுக்குங்க. அடுத்த மாசக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது பான், ஆதார், பாஸ்புக் மூணையும் எடுத்துட்டு வாங்க. பேரு ஒத்துப் போகுதான்னு உக்காந்து பாத்துடலாம். பில்லு வெச்சிருக்கிறவங்க அதையும் கொண்டாங்க.