வளரும் குத்துச்சண்டை வீரனுக்கு எந்தப் போட்டி முக்கியம்?



1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்தை முன்னிட்டு அந்தச் சண்டை காலை வேளையில் நடந்தது. மலேசியாவில் அந்த நாளை மறக்காத பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே வந்து இறங்கிய அலி, 33 வயது உலக வெற்றியாளர். அவர் எப்படி அந்த அலி ஆனார் என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்கு 12, 13 ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். அப்போது அவர் பெயர் காஷியஸ் கிளே.

வளர்ந்து வரும் ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு எந்தப் போட்டி முக்கியமானது? பெரிய பெயர் உள்ளவரை வீழ்த்திய போட்டியா? கூட்டம் எழுந்து நின்று கைதட்டிய போட்டியா? கிளேயின் முதல் மூன்றரை ஆண்டுகளைக் கவனித்துப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது. அதுவரை தன்னிடம் இல்லாத ஒன்றை எதிராளி கேட்க, அதை மேடையிலேயே, அடி வாங்கிக்கொண்டே, அவர் தேடி எடுத்த போட்டிகள்தான் அவரை உருவாக்கின. அவற்றில் ஒன்று, கூட்டம் அவரைக் கேலி செய்து கூச்சலிட்ட போட்டி.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் நகரில் 1942 ஜனவரி 17ஆம் தேதி கிளே பிறந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் தங்கம் வென்றார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே தொழில்முறைக் குத்துச்சண்டைக்குள் நுழைந்தார். அவருடைய முதல் எதிராளி டனி ஹன்சாக்கர், வெஸ்ட் வெர்ஜினியாவில் ஒரு சிற்றூரின் காவல்துறைத் தலைவர். கிளேயின் செலவுகளை ஏற்றுக்கொண்டவர்கள் லூயிவில் வணிகர்கள் 11 பேர். அவர்களுக்குப் பணத்துக்கு அவசரம் இல்லை. பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டிக்கும் அவசரம் இல்லை. கிளேயின் வாழ்க்கையில் கிடைத்த முதல் அதிர்ஷ்டம் இதுதான் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் குத்துச்சண்டையில் ஓர் இளைஞனின் எதிர்காலத்தை முடிவு செய்பவர்களில் முக்கியமானவர், அவனுக்கு எதிராளியைப் பொறுக்கித் தருபவர். வெளியில் இருக்கும் ரசிகருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

எதிராளியைப் பொறுக்குவதில் இரண்டு விதமான தவறுகள் உண்டு. ஒன்று, பலவீனமானவர்களாகப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பது. யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த லாமார் கிளார்க் என்பவர் தொடர்ந்து 44 பேரை நாக் அவுட் செய்து சாதனை படைத்திருந்தார். ஒரே இரவில் ஆறு பேரை வீழ்த்திய கதையும் அதில் அடக்கம். ஆறு பேர் வரிசையில் நின்று அடி வாங்கிப் போனார்கள் என்றால், அவர்கள் எப்படிப்பட்ட வீரர்களாக இருந்திருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். 1961 ஏப்ரலில் அந்த கிளார்க்கைக் கிளே சந்தித்தார். இரண்டாவது சுற்றில் ஆட்டம் முடிந்தது. மூக்கு உடைந்த கிளார்க் அத்தோடு குத்துச்சண்டையை விட்டே விலகினார். 44 வெற்றிகளும் அவருக்கு இரண்டு சுற்றுகளுக்குக்கூட உதவவில்லை.

இரண்டாவது தவறு இதைவிடக் கொடியது. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

கிளேக்கு முதல் உண்மையான சோதனை 1962 பிப்ரவரி 10ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் வந்தது. எதிராளி சோனி பேங்ஸ், அத்தனை பெரிய பெயர் இல்லாதவர். முதல் சுற்றிலேயே அவருடைய இடது ஹூக் கிளேயைத் தரையில் உட்கார வைத்தது. தொழில்முறை வாழ்க்கையில் கிளே விழுந்தது அதுவே முதல் முறை. எழுந்தார், நான்காவது சுற்றில் வென்றார். கிளே கையைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார், குனிந்து தப்பாமல் தலையைப் பின்னுக்கு இழுக்கிறார், என்றைக்காவது மாட்டிக்கொள்வார் என்று மூத்த விமர்சகர்கள் சொல்லிவந்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. மாட்டிக்கொண்டால் என்ன செய்வார் என்பது மட்டும்தான் அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது. கிளேக்கே தெரிந்திருக்காது. பயிற்சிக்கூடத்தில் அதைக் கற்றுத் தர முடியாது.

அதே ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ஆர்ச்சி மூருடன் மோதல். லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தைப் பத்தாண்டு காலம் வைத்திருந்தவர் மூர். அவர் பிறந்த ஆண்டு 1916 என்று அவர் சொல்வார். 1913 என்று அவருடைய தாயார் சொல்வார். ஆக, அன்றைக்கு அவருக்கு 45 வயது, அல்லது 48. ரோமில் வென்று வந்த புதிதில் கிளே சில வாரங்கள் மூரிடம்தான் பயிற்சிக்குப் போயிருந்தார். பாத்திரம் கழுவு, தரையைத் துடை என்று சொன்னது பிடிக்காமல் கிளம்பி வந்துவிட்டார். இப்போது அதே குருவை, முன்கூட்டியே அறிவித்தபடி நான்காவது சுற்றில் வீழ்த்தினார். செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டம். கிளேயின் பெயர் பரவியதற்கும் பெரிய பணம் வரத் தொடங்கியதற்கும் இந்தச் சண்டை உதவியது. குத்துச்சண்டை வீரராக அவர் வளர்வதற்கு இதில் இருந்தது மிகக் குறைவு. மகன் வயதுள்ள இளைஞன் அப்பா வயதுள்ளவரை அடித்தான், அவ்வளவுதான்.

இனி அந்த இரண்டாவது தவறு. அதே 1962இல், அதே நகரில், இன்னோர் இளைஞரும் இதே ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். அர்ஜென்டினாவிலிருந்து வந்த அலெஹாண்ட்ரோ லவொரான்டே. உயரமானவர், பார்க்க அழகானவர். 1961இல் முன்னணி வீரர் சோரா ஃபோலியை வீழ்த்தியதால் ஒரே இரவில் தரவரிசையில் மேலே போனார். அந்த ஒரு வெற்றியை நம்பி அவரை வேகமாகத் தள்ளிவிட்டார்கள். 1962 மார்ச் 30ஆம் தேதி ஆர்ச்சி மூர் அவரைப் பத்தாவது சுற்றில் முடித்தார். தூக்குப் படுக்கையில் வைத்து வெளியே கொண்டு போனார்கள். நான்கு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 20ஆம் தேதி கிளேயின் முன்னால் நிறுத்தினார்கள். ஐந்தாவது சுற்றில் விழுந்தார். அதற்கு இரண்டே மாதம் கழித்து, செப்டம்பர் 21ஆம் தேதி, ஜானி ரிக்கின்ஸ் என்ற சாதாரண வீரருடன் மீண்டும் மேடை. ஆறாவது சுற்றில் விழுந்த லவொரான்டே ஆழ்ந்த மயக்கத்துக்குப் போனார். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் படுக்கையில் கிடந்து, 1964 ஏப்ரலில் தாயகத்தில் இறந்தார். முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

மூளையில் அடிபட்டவருக்கு ஓய்வு வேண்டும் என்பது அன்றைக்கும் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஒருவர் நாக் அவுட் ஆனால் இத்தனை நாள் மேடை ஏறக்கூடாது என்ற கட்டுப்பாடு பின்னாளில் பல நாடுகளில் இறுக்கமானது. ஆனால் விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், "வேண்டாம், இந்தப் பையனுக்கு இப்போது இது வேண்டாம்" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கிளேக்கு டண்டி இருந்தார். ஒரே ஏணியில் ஏறிய இரண்டு இளைஞர்களில் ஒருவர் உலகப் புகழ் பெற்றதற்கும் மற்றவர் மறக்கப்பட்டதற்கும் திறமை மட்டும் காரணம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

கிளேயின் பதினெட்டாவது போட்டிதான் மிக முக்கியமானது. 1963 மார்ச் 13, மீண்டும் மேடிசன் ஸ்குவேர் கார்டன், எதிராளி டக் ஜோன்ஸ். நியூயார்க்கில் அப்போது செய்தித்தாள் வேலைநிறுத்தம். நகரத்துப் பத்திரிகைகள் வரவில்லை. கிளே வாயாலேயே விளம்பரம் செய்து அரங்கை நிரப்பினார். ஜோன்ஸ் ஆறாவது சுற்றில் விழுவார் என்றார். பிறகு அதையும் குறைத்து நான்கு என்றார். ஜோன்ஸ் கிளேயைவிட ஏறக்குறைய 6 கிலோ எடை குறைந்தவர். எளிதான வேலை என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள்.

முதல் சுற்றிலேயே ஜோன்ஸின் வலது கைக் குத்து கிளேயைக் கயிற்றின் மேல் சாய்த்தது. நான்காவது சுற்று வந்தது, போனது. ஜோன்ஸ் நின்றுகொண்டுதான் இருந்தார். அரங்கம் சிரித்தது. ஆறாவது சுற்றும் போனது. அதுவரை கிளே விரும்பிய நேரத்தில் சண்டையை முடித்துப் பழகியவர். இப்போது எதிராளி விழ மறுக்கிறார், கூட்டம் எதிராளியின் பக்கம், சொன்ன வாக்கு பொய்த்துவிட்டது, கால்களும் களைத்துவிட்டன. இந்த நிலையில் பல இளைஞர்கள் பொறுமை இழந்து, ஒரே குத்தில் எல்லாவற்றையும் சரிசெய்ய ஓடி, தாங்களே போய் மாட்டிக்கொள்வார்கள். கிளே அதைச் செய்யவில்லை. இடது கையை நீட்டி நீட்டிப் புள்ளி சேர்த்தார். கடைசிச் சுற்றுகளில் வேகத்தைக் கூட்டினார். பத்துச் சுற்றுகளும் முடிந்தபோது, இரண்டு நீதிபதிகள் ஒரே ஒரு சுற்று வித்தியாசத்தில் அவருக்கு வெற்றி கொடுத்தார்கள். நடுவர் மட்டும் எட்டுச் சுற்றுகளைக் கொடுத்திருந்தார்.

தீர்ப்பைக் கேட்டதும் கூட்டம் கூச்சலிட்டது. கையில் கிடைத்ததை மேடையை நோக்கி எறிந்தார்கள். வந்து விழுந்த வேர்க்கடலையை எடுத்து கிளே வாயில் போட்டுக்கொண்டார் என்பது அன்றைய ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கதை. இவர் லிஸ்டனிடம் போனால் உயிரோடு திரும்ப மாட்டார் என்று எழுதினார்கள். ஆனால் அந்த ஆண்டின் சிறந்த சண்டை என்று 'தி ரிங்' இதழ் இதைத்தான் தேர்ந்தெடுத்தது. வாய்ச்சவடால் அடிக்கும் பையன், சவடால் பலிக்காத இரவில் என்ன செய்வான் என்பது அங்கேதான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து, ஜூன் 18ஆம் தேதி, லண்டன் வெம்பிளி அரங்கில் ஹென்றி கூப்பர். நான்காவது சுற்று முடியும் தறுவாயில் கூப்பரின் இடது ஹூக் கிளேயைக் கயிற்றோரம் சரித்தது. உடனே மணி அடித்தது. இன்னும் பத்து விநாடி இருந்திருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்று ஆங்கிலேயர்கள் இன்றுவரை சொல்வார்கள். டண்டி கிளேயின் கையுறையில் இருந்த கிழிசலை நடுவரிடம் காட்டி நேரம் வாங்கினார். அது பல நிமிடங்கள் என்று கதை வளர்ந்துவிட்டது. படச்சுருளைப் பார்த்தால் கிடைத்தது சில விநாடிகள்தான். கூப்பரின் புருவம் ஏற்கெனவே கிழிந்திருந்தது. ஐந்தாவது சுற்றில் இரத்தம் நிற்காததால் ஆட்டம் நிறுத்தப்பட்டது. நெருக்கடியில் தன் மூலையில் இருப்பவரை நம்பலாம் என்று கிளே தெரிந்துகொண்டது அன்றுதான்.

1964 பிப்ரவரி 25ஆம் தேதி மியாமி பீச்சில் சோனி லிஸ்டனை அவர் சந்தித்தபோது, பந்தயக்காரர்கள் லிஸ்டன் பக்கம் ஏழுக்கு ஒன்று என்று நின்றார்கள். முந்தைய உலக வெற்றியாளர் ஃபிளாய்ட் பேட்டர்சனை இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே லிஸ்டன் முடித்திருந்தார். கிளேயின் பட்டியலிலோ தோல்வியே இல்லாமல் 19 போட்டிகள். நான்காவது சுற்று முடிந்ததும் கிளேயின் கண்கள் எரிந்தன, பார்வை மங்கியது. கையுறையை வெட்டி எடுங்கள் என்று கத்தினார். டண்டி கண்ணைக் கழுவிவிட்டு, ஓடு என்று உள்ளே தள்ளினார். கண் தெரியாத ஒருவர், உலகின் மிகப் பயங்கரமான குத்துக்காரரின் முன்னால், மூன்று நிமிடம் இடது கையை நீட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். பேங்ஸிடம் விழுந்து எழுந்ததும், ஜோன்ஸிடம் பொறுத்திருந்ததும், வெம்பிளியில் டண்டியை நம்பியதும் அந்த மூன்று நிமிடத்தில் செலவாயின. ஆறாவது சுற்றில் பார்வை தெளிந்து லிஸ்டனை அடித்தார். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் நாற்காலியை விட்டு எழவில்லை. 22 வயதில் கிளே உலக வெற்றியாளர். முகமது அலி என்ற பெயர் அடுத்த மாதம் வந்தது.

கோலாலம்பூருக்குத் திரும்புவோம். மெர்டேக்கா அரங்கில் அலியை எதிர்த்து நின்ற பக்னருக்கு வயது 25. அவருக்கும் இப்படி ஒரு சண்டை முன்பே வந்திருந்தது, எதிராளியும் அதே ஹென்றி கூப்பர்தான். 1971 மார்ச்சில், 21 வயதில், 36 வயது கூப்பரை அவர் வென்றார். 15 சுற்றுகளுக்குப் பின் வித்தியாசம் கால் புள்ளி. கூப்பர் அன்றே ஓய்வு பெற்றார். தங்கள் அன்புக்குரிய கூப்பரை அப்படி வென்றதற்காகப் பிரிட்டிஷ் ரசிகர்கள் பக்னரை மன்னிக்கவே இல்லை. கோலாலம்பூரில் 15 சுற்றுகள் முழுவதும் பக்னர் கீழே விழவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு, பெரும்பாலும் தற்காப்பிலேயே நின்றார். மூன்று நீதிபதிகளும் அலிக்கே வெற்றி என்றார்கள். அலி அங்கிருந்து மணிலாவுக்குப் புறப்படும் வேலையைப் பார்த்தார். ஜோ ஃபிரேசியர் காத்திருந்தார்.