கூளையனும் வாத்து மேய்க்கும் பிள்ளைகளும்



பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. கொங்கு நாட்டு மேட்டாங்காடுகளில் ஆடு மேய்க்கும் கூளையன் என்ற சிறுவனின் கதை அது. 2004-இல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கும் போனது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கதைதானே என்று சித்தூரிலோ திருப்பதியிலோ இருக்கும் வாசகர் இதை எட்ட நின்று படிக்க முடியாது.

கூளையனைப் பண்ணையத்தில் விட்டது அவனைப் பெற்றவர்கள். வருசக் கூலி அவர்களுக்கு, வேலை அவனுக்கு. பகலெல்லாம் ஆடுகளோடு அலைச்சல், இரவில் பட்டிக்குக் காவல். சொந்த வீட்டுக்குப் போவதென்றால் பண்ணையக்காரரான கவுண்டர் மனம் வைக்க வேண்டும். ஆனால் நாவல் அழுது தீர்க்கவில்லை. வவுறி, மொண்டி, நெடும்பன், செவிடி என்று அவனைப் போலவே விடப்பட்ட பிள்ளைகள் மேய்ச்சல் காட்டில் சேர்ந்துவிட்டால் விளையாட்டும் சண்டையும் நுங்கும் பனம்பழமுமாக ஒரு தனி உலகமே எழும்பிவிடுகிறது. அந்தச் சந்தோஷத்தை அவ்வளவு நெருக்கத்தில் காட்டியதால்தான், தேங்காய் திருடியதற்காகக் கூளையனைத் தலைகீழாகக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கும் இடத்தில் வாசகருக்கு நெஞ்சு அடைக்கிறது. பண்ணையக்காரரின் மகன் செல்வனோ கூளையனுக்கு விளையாட்டுத் தோழன், அதே சமயம் சின்ன எசமான். இரண்டு பையன்களுக்கும் நடுவே அன்பும் அதிகாரமும் மாறி மாறி வருவதைத் தமிழில் இவ்வளவு நுட்பமாகச் சொன்ன நாவல்கள் குறைவு.

இது பழைய காலத்துக் கதை என்று ஆறுதல் பட்டுக்கொள்ள வழியில்லை. திருப்பதி மாவட்டத்தில், கடனுக்கு ஈடாக வாத்து வளர்ப்பவரிடம் விடப்பட்ட ஏனாதிப் பழங்குடிச் சிறுவன் ஒருவனின் உடல், 2025 மே மாதம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் தோண்டி எடுக்கப்பட்டது. கடன் பெரிய தொகையல்ல. வட்டியோடு சேர்த்துப் பணத்தைப் புரட்டிக்கொண்டு பிள்ளையை மீட்கப் போன தாய்க்கு, அவன் எங்கே என்பதற்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. அவர் போலீசுக்குப் போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. வேலைக்கு வைத்திருந்தவர்கள் கைதானார்கள்.

நாவலையும் இந்தச் செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு உறுத்துகிறது. கூளையன் ஒரே ஊரில் இருந்தான்; பெற்றவர்களுக்கு இடம் தெரியும். வாத்து மேய்ப்பு அப்படியல்ல. அறுவடை முடிந்த நெல் வயல்களில் சிந்திய மணியையும் நத்தையையும் தேடிக் கூட்டம் ஊர் ஊராக நகரும். வயலோரக் கூடாரம்தான் வீடு. ஆந்திர எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட்டால், வாத்து மேய்க்கும் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கிலும் இருக்கமாட்டான், எந்த ஊர்க்காரருக்கும் அவன் முகம் பழகியிருக்காது. நடைபோடும் கொத்தடிமைத்தனம் இது. கண்டுபிடிப்பதும் அந்த அளவுக்குக் கடினம்.

சட்டத்துக்குக் குறைவில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அதன்படி அப்படிப்பட்ட கடனே செல்லாது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல்தான் ஏழைத் தாய்மார்கள் வட்டிக்குப் பணம் தேடி அலைகிறார்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பதையும் 2016-இல் வந்த திருத்தம் ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்தது.

சத்தியவேட்டிலிருந்து ஊத்துக்கோட்டை வரை, காளஹஸ்தியிலிருந்து காஞ்சிபுரம் வரை, அறுப்பு முடிந்த வயலில் வாத்து ஓட்டும் சிறுவனைப் பார்க்கிறவர்கள் நின்று, ‘எந்த ஊர் தம்பி, அம்மா எங்கே?’ என்று தெலுங்கிலோ தமிழிலோ கேட்கலாம். பதிலில் சந்தேகம் தட்டினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான்.