செங்கல்லை எண்ணாத பையன்

  பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை எழுந்து நடந்தால் நடக்கட்டும். சத்தம் போட்டால் போடட்டும். மைக் சத்தம் அவன் காதைக் குத்துகிறது என்றால் கையைக் காட்டுங்கள், குறைத்துக்கொள்ளலாம். அவர்களைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் அவர்களையே வாயைப் பொத்தி உட்கார வைப்பது நியாயமில்லை.

நான் சிறப்பாசிரியர். மாற்றுத்திறனாளிகள் முகாம்களில் மருத்துவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவள். ஆட்டிசம் என்று சொன்னதும் பெற்றவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஊருக்கு ஊர் மாறுவதில்லை. "டீச்சர், புள்ளைக்கு அறிவு இருக்குதா?" கொஞ்சம் படித்தவர்கள் "படிப்பு ஏறுமா மேடம்?" என்பார்கள். "எங்க காலத்துக்கப்புறம் இவன் என்ன பண்ணுவான்?" என்ற கேள்வி அப்புறம்தான் வரும். முதலில் அறிவு. அது இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும், இல்லையென்றால் எதுவுமே வேண்டியதில்லை என்கிற மாதிரி.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். பேச்சுதான் நமக்கு அறிவு. மாமா வந்தால் "வாங்க" என்று சொல்ல வேண்டும், பேர் கேட்டால் சொல்ல வேண்டும், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று கூடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் சந்நிதியில் பிராது கட்ட வருகிறவர்களில், பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டும் என்று எழுதிக் கட்டுகிற தாய்மாரை எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. நான்கு பேர் முன்னால் சொல்ல முடியாத துயரத்தை முருகனிடமாவது எழுதித் தர முடிகிறதே. ஆனால் வீட்டில் அந்தத் தாயைப் பார்த்து "செல்போனைக் குடுத்தே கெடுத்துட்ட", "வேலைக்குப் போயி புள்ளய விட்டுட்ட" என்று சொல்கிறார்களே, அதைச் சும்மா விட முடியாது. தாயின் அன்புக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் பெரிய பெரிய மருத்துவர்களே ஒரு காலத்தில் எழுதினார்கள். 1964இல் பெர்னார்டு ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், தானே ஆட்டிச நிலையில் உள்ள ஒரு பையனின் தகப்பன், அதை மறுத்து நூல் எழுதினார். அங்கே அந்தக் கதை மடிந்து பல காலம் ஆகிவிட்டது. நம் தெருவில்தான் இன்னும் நடமாடுகிறது.

சரி, வீட்டுத் தீர்ப்பை விடுங்கள். சோதனை வைத்துச் சொல்கிற தீர்ப்பு எப்படி இருக்கிறது?

1905இல் பாரீசில் ஆல்பிரட் பினே என்பவர் அறிவுச் சோதனை ஒன்றை அமைத்தார். எந்தப் பிள்ளைக்கு வகுப்பில் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அமைத்தார்; எவனை வெளியே தள்ளலாம் என்று பார்க்க அல்ல. 1930களில் வி. வி. காமத் அதைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றினார். அந்தப் பினே-காமத் சோதனையை நம் நாட்டில் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். அதில் கேள்வி கேட்பார்கள், பிள்ளை பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது பாருங்கள். முன்பின் பார்க்காத ஆள், முன்பின் பார்க்காத அறை, தலைக்கு மேல் கடகடவென்று ஃபேன், வெளியே வரிசையில் அழுகிற குழந்தைகள். அதற்கு நடுவில் கேள்வி காதில் விழ வேண்டும், புரிய வேண்டும், பதில் வாய் வழியாக வர வேண்டும். இதில் எந்த இடத்தில் தடுக்கினாலும் கடைசியில் எழுதுகிற எண் ஒன்றுதான். அந்த எண்ணுக்குப் பெயர் அறிவு.

நம் விருத்தாசலத்தில் சூளை வைத்திருப்பவர்களுக்குக் கோன் தெரியும். பார்வைத் துளைக்கு நேராக நிறுத்தி வைக்கிற சின்னக் கூம்பு. தனக்குரிய சூட்டில் தலை சாயும். 1250 டிகிரிக்கு உரிய கோனை 1000 டிகிரிச் சூளையில் வைத்தால் விறைப்பாக நின்றுகொண்டிருக்கும். கோன் சாயவில்லையே, சூடே இல்லை போலிருக்கிறது என்று உள்ளே கையை விடுவீர்களா? பிள்ளை விஷயத்தில் நாம் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

வேறு கோன் உண்டா? உண்டு. 1930களிலேயே இங்கிலாந்தில் ஜான் ராவன் என்பவர் ஒரு சோதனை அமைத்தார். பேச்சே கிடையாது. கோலம் போல ஒரு வடிவம், அதில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். கீழே உள்ள துண்டுகளில் எது அங்கே பொருந்தும் என்று காட்டினால் போதும். 2007இல் கனடாவின் மொன்றியல் நகரில் மிஷெல் டாசன், லோரன் மோத்ரோன் முதலானவர்கள் ஆட்டிச நிலையில் உள்ள 38 குழந்தைகளுக்கு, உலகெங்கும் புழங்குகிற வெக்ஸ்லர் சோதனையையும் இந்த ராவன் சோதனையையும் வைத்துப் பார்த்தார்கள். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், வெக்ஸ்லரில் நின்ற இடத்தைவிட ராவனில் சராசரியாக 30 இடம் முன்னால் வந்து நின்றார்கள். அதே பிள்ளைகள், அதே மூளை. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார்கள். வெக்ஸ்லரில் அந்த உயரத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. பின்னால் நடந்த ஆய்வுகள் சிலவற்றில் இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சோதனையை மாற்றினால் பிள்ளையின் இடம் மாறும் என்பதை யாரும் தள்ளிவிட முடியாது. அந்த மிஷெல் டாசன் யார் தெரியுமா? தபால் பட்டுவாடா செய்துகொண்டிருந்தவர். தானும் ஆட்டிச நிலையில் உள்ளவர். தன்னைப் போன்றவர்களை அளக்கிற அளவுகோல் சரியா என்று அவரே உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்.

2015இல் அதே மொன்றியல் நகரில் இன்னோர் ஆய்வு. ஏறக்குறையப் பேச்சே இல்லாத 30 குழந்தைகள். வெக்ஸ்லர் சோதனையை ஒருவர்கூட முடிக்கவில்லை. நம் ஊர் முகாமாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவர்கள் ராவன் சோதனையைக் கையில் எடுத்துப் பொருத்துகிற பலகையாகச் செய்து கொடுத்தார்கள். 26 பேர் முடித்தார்கள்.

நம் நாட்டில் ஆட்டிசத்தின் அளவைச் சொல்ல இசா என்று ஒரு படிவம் இருக்கிறது. நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 153ஐத் தாண்டினால் தீவிரம். இது அறிவை அளக்க வந்ததில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் யூடிஐடி அடையாள அட்டைக்கும் அது வேண்டும், நானே நிரப்ப உதவியிருக்கிறேன். ஆனால் அந்த நாற்பதின் கடைசிப் பகுதியில் அசாதாரண நினைவாற்றல் என்று ஒன்று, அபூர்வத் திறமை என்று ஒன்று. அவை இருந்தால் மதிப்பெண் கூடும், மதிப்பெண் கூடக் கூடக் குறைபாட்டின் சதவீதம் கூடும். பஸ் நம்பரையெல்லாம் ஒப்பிக்கிற பிள்ளையை ஒரு அம்மா பெருமையாகக் காட்டுவாள். இந்தப் பக்கம் நான் அதைக் குறையின் கணக்கில் எழுதுவேன். ஆட்டிச நிலையைக் கண்டறிவதில் அதற்கொரு காரணம் இருக்கலாம். எழுதுகிற கைக்கு அது ஒவ்வொரு முறையும் கனக்கிறது.

இப்போது எதிர்ப்பக்கத் தவறுக்கு வருகிறேன். 1988இல் 'ரெயின் மேன்' என்ற ஆங்கிலப் படம் வந்ததிலிருந்து, ஆட்டிசம் என்றால் மேதை என்று ஒரு பேச்சு. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் ஆட்டிச நிலையினரே அல்ல என்று பின்னால் மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனாலும் சொந்தக்காரர்கள் கேட்காமல் விடுவதில்லை: "இவனுக்கு என்ன ஸ்பெஷல் திறமை?" இல்லை என்று சொல்லத் தாய்க்கு நா எழாது.

1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை எழுதி ஆட்டிசத்தை உலகுக்குச் சொன்னார். அதில் முதல் குழந்தை டொனால்டு டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற ஊர். நம் விருத்தாசலத்தைவிடச் சின்னது. மூன்று வயதில் பிள்ளையை ஒரு நிறுவனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஓராண்டு போல ஆனதும் பெற்றவர்களே திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். தகப்பன் மகனைப் பற்றி 33 பக்கம் தட்டச்சு செய்து கானருக்கு அனுப்பினார். பையன் வளர்ந்தான். பள்ளிக்கூடத்துச் சுவரில் எத்தனை செங்கல் என்று மற்றப் பையன்கள் கேட்டதும் ஒரே பார்வையில் எண்ணிச் சொல்லிவிட்டான் என்று ஊரே பேசியது. பல்லாண்டு கழித்து, கிழவராகிவிட்ட டொனால்டிடம் ஒரு பத்திரிகையாளர் கேட்டார், எப்படி எண்ணினீர்கள் என்று. எண்ணவில்லை, வாயில் வந்த எண்ணைச் சொன்னேன், அந்தப் பையன்கள் என்னை நல்லபடியாக நினைக்க வேண்டும் என்றிருந்தது என்றார் அவர்.

நான் எத்தனையோ பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறேன். ஆட்டிசத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன ஒரு பதிலை அங்கெல்லாம் கேட்டதில்லை. மற்றவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியாது என்கிறோம். இந்தப் பையனுக்கு ஊரின் மனம் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. சும்மா இருந்தால் நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், வித்தை காட்டினால் சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்திருக்கிறது. டொனால்டு கல்லூரி முடித்தார், வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், ஊர் ஊராகச் சுற்றினார், 2023இல் தம் 89ஆம் வயதில் இறந்தார். ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த வங்கி அவருடைய தாய் வீட்டாருக்குச் சொந்தமானது. பணம் இருந்தது, ஊர் அணைத்துக்கொண்டது. தினக்கூலி வீட்டுப் பிள்ளையை எந்த ஊர் அணைத்துக்கொள்ளும்?

நம் செராமிக் பேட்டையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஃப்யூஸ் கேரியர் செய்கிற ஷெட். சூளையிலிருந்து இறங்கியதைப் பெண்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார்கள். நல்ல உருப்படி 'ணங்' என்று பாடும், விரிசல் கண்டது 'டொக்' என்னும். ஓர் அம்மாவின் பக்கத்தில் பத்தொன்பது வயது மகன். பேச்சு கிடையாது, சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் மாட்டிவிட வேண்டும். அறிவுச் சோதனையில் அவனுக்கு வந்த எண்ணை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவன் அம்மா தட்டித் தேறியதாக வைத்த குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்தான். அவள் திட்டிவிட்டுத் திருப்பி வைத்தாள். அதையே மறுபடி தேடி எடுத்துத் தள்ளினான். மேஸ்திரி வந்தார், வாங்கி அதன்மேல் மையைத் தடவித் துடைத்தார். தலைமுடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தது. களிமண் அரைக்கிற மில் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பையன் அவன். அந்தக் காதேதான் இது.

கைதட்ட வேண்டாம். நீங்கள் கைதட்டுவீர்கள் என்று தெரிந்துதான் யோசித்து யோசித்து இதைச் சொன்னேன். அவன் அந்த விரிசலைக் கண்டுபிடிக்காமல் போயிருந்தால்? தன் அம்மா பக்கத்தில் உட்கார அவனுக்கு உரிமை இல்லையா? அமெரிக்க அரசின் கணக்கில், ஆட்டிச நிலையில் உள்ள எட்டு வயதுக் குழந்தைகளில் பத்துக்கு நான்கு பேருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது. அளவுகோல் தவறு என்று நான் சொன்னதெல்லாம் உண்மை. எந்த அளவுகோலை வைத்தாலும் எண் ஏறாத பிள்ளைகளும் உண்டு என்பதும் உண்மை. "எங்கள் பிள்ளை புத்திசாலி, அந்தப் பிள்ளை மாதிரி இல்லை" என்று ஆட்டிசப் பெற்றோரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் அம்மாவும் இதே பின்வரிசையில்தான் இருப்பாள். நம்மை ஒதுக்கிய வேலியை நாம் இரண்டடி தள்ளி நட்டுவிட்டு விடுதலை அடைந்தோம் என்று சொல்லக் கூடாது.

பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைத்து, உள்ளே ஒளிந்திருக்கும் மேதையை வெளியே கொண்டுவருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பிடித்திருப்பவர்தான் தம்மை அறியாமல் எழுதுகிறார் என்று 1990களிலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். பேச்சில்லாத பிள்ளைக்குப் பட அட்டை கொடுங்கள். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் போன்ற செயலி இருக்கிறது. பிள்ளை தானே படத்தைத் தொட்டால் குரல் வரும். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, போதும், வேண்டாம். இந்த நாலு வார்த்தை வந்தாலே அந்த வீட்டில் பாதி அலறல் நின்றுபோகும்.

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அரசு வேலையின் 4 சதவீத ஒதுக்கீட்டிலும் பங்கு தந்தது. சான்றில் எழுதியது சரியில்லை என்று தோன்றினால் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். பேச்சில்லாத பிள்ளை என்றால், பேச்சு தேவைப்படாத சோதனை வையுங்கள் என்று கேளுங்கள். பிள்ளை அன்றைக்கு மிரண்டிருந்தால் இன்னொரு நாள் வையுங்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுவார்கள் என்று பயப்பட வேண்டாம், கூட நான் வருகிறேன்.

தொழிற்பேட்டை முதலாளிகள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் ஷெட்டில் வேலை செய்யும் பெண்கள் இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டு வருகிறார்கள். உங்களுக்கும் அது தெரியும். அச்சு ஊற்றும் இடத்திலிருந்தும் மில்லிலிருந்தும் தள்ளி, சத்தமும் தூசியும் இல்லாத ஓர் அறை, ஒரு மேசை, காலையில் இரண்டு மணி நேரம். பொம்மைக்கு வண்ணம் தீட்டட்டும், அகல் விளக்கை அடுக்கட்டும், பொட்டலம் கட்டட்டும். பதினெட்டு வயது ஆனவர்கள் வேலை செய்தால் கூலி கொடுங்கள், தர்மம் வேண்டாம். ஒன்றும் செய்யாமல் ஈர மண்ணைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாலும் இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் நான் வந்து கூட இருக்கிறேன். அறை தர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னைப் பாருங்கள். பெயரும் ஷெட் நம்பரும் எழுதிக்கொள்ள நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.