கர்ப்பப்பையை எடுக்கும் முன்



நம்ம நெட்டப்பாக்கம் பக்கத்துல நாப்பது வயசுல உதிரப்போக்கு அதிகமானா, "பேசாம கர்ப்பப்பையை எடுத்துடு"னு சொல்ல நாலு பேர் இருக்காங்க. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் சினைப்பை இருக்கு. முட்டை மட்டுமல்ல, எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதும் அங்கேதான். நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47 வயதில் அது தானாக ஓய்ந்து, மாதவிலக்கு நிற்கும். உடம்பு குப்புனு சூடாகும், வேர்க்கும், தூக்கம் கெடும். சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டா இதெல்லாம் முன்கூட்டியே, ஒரேயடியா வரும். எலும்பும் சீக்கிரம் பலவீனமாகும்.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர், வேலை கெடக் கூடாதென்று இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் பெரிய செய்தியானது. கூலிக்காக உடம்பையே அறுத்துக்கொள்வதா? தேவையற்ற இந்த ஆபரேஷனைத் தடுக்கும் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் பின்பற்ற 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கையெழுத்து போடும் முன், "மாத்திரையில சரியாகாதா? சினைப்பையை விட்டு வைப்பீங்களா?"னு கேளுங்க. ஜிப்மர்ல இன்னொரு டாக்டரையும் பாருங்க. புற்றுநோய்னு சொன்னா மட்டும் தள்ளிப்போடாதீங்க. மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்டணும்.

சின்ன வயசுலேயே சினைப்பையை எடுத்தவங்களுக்கு ஹார்மோன் மாத்திரை உண்டு. எல்லோருக்கும் ஒத்துக்காது, டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிடணும்.