அஞ்சுதெங்குக்குப் போகும் கரை

கேரளத்தின் வர்க்கலைப் பாபநாசக் கடற்கரையில் காலையில் இறங்கி, செம்மண் குன்றுகளை இடப்புறம் வைத்துத் தெற்கே நடந்தால் வெட்டூர் வரும். குன்று தாழ்ந்து தென்னந்தோப்புகள் தொடங்கியதும் காயிக்கரை. மகாகவி குமாரன் ஆசான் 1873இல் பிறந்த ஊர். அதற்கு அடுத்தது அஞ்சுதெங்கு. மொத்தம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். நின்று பார்த்து நடப்பவருக்கு ஒரு பகல் சரியாக இருக்கும். ஆனால் இந்த நடை இப்போது முழுதும் மணலில் முடிவதில்லை. பல இடங்களில் கரை கரைந்து, கருங்கல் சுவரும் அலையும் மட்டுமே இருக்கின்றன. அஞ்சுதெங்கைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இந்த மணலைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்பதும், அந்த வேலை கடற்கரையில் தொடங்குவதில்லை, மலையடிவாரத்துக் கல்லாற்றில் தொடங்குகிறது என்பதும் என் வாதம்.

இந்த ஊரை எதற்காக நினைக்க வேண்டும்? ஆற்றிங்கல் ராணியின் அனுமதியோடு கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கோட்டை கட்டியது 1690களில். மலைச்சரிவின் மிளகு இந்தக் கரையில்தான் கப்பலேறியது. வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் 1728இல் இங்கே பிறந்தார். கம்பெனிக் கோட்டையை அன்போடு நினைப்பது அடிமைத்தனத்தைக் கொண்டாடுவது ஆகாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இதே ஊர்தான் 1721ஐயும் சுமக்கிறது. அந்த ஏப்ரலில் பரிசுப் பொருள்களோடு ஆற்றிங்கலுக்குப் போன கம்பெனி ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கோட்டை பல மாதம் முற்றுகையில் கிடந்தது. பிளாசிப் போருக்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் நடந்த எதிர்ப்பு இது! நம் தமிழ் நேயர்களுக்கு இன்னோர் உறவும் உண்டு: திருவிதாங்கூருக்கு நடுவே சிறு பிரிட்டிஷ் துண்டாக இருந்த இந்த ஊர், ஒரு காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்த்து ஆளப்பட்டது.

இன்று கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கரைக்கு அப்படி யாரும் இல்லை. தெற்கே முதலப்பொழியில் வாமனபுரம் ஆற்றின் நீர் காயல் வழியாகக் கடலைச் சேர்கிறது. பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் உருண்டைப் பாறைகளுக்கு நடுவே பார்க்கும் கல்லாற்றின் நீரும் அதுதான். மலையை அரைத்து மணலாக்கிக் கடலுக்குக் கொடுப்பது ஆற்றின் வேலை. அந்த மணலைப் பல பத்தாண்டுகள் லாரி லாரியாக அள்ளினோம். 2001இல் கேரளம் ஆற்றுமணல் சட்டம் கொண்டுவர வேண்டிய நிலை வந்தது. மிச்சம் வரும் மணலையும் முதலப்பொழித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் மறிக்கின்றன. தென்புறம் பெருமாதுறையில் மணல் சேர்ந்து கரை அகல்கிறது; வடபுறம் தாழம்பள்ளியிலிருந்து அஞ்சுதெங்கு நோக்கிக் கடல் வீடுகளைத் தின்கிறது. ஆற்று மணல் காயலிலேயே தங்கிவிடுமே, கல்லாற்றுக்கும் கடற்கரைக்கும் என்ன தொடர்பு என்பார்கள். ஒரு பகுதி தங்குவது உண்மை. அதற்காக வரவையே நிறுத்திவிட்டால், செலவை ஈடுகட்டக் கரைக்கு வேறு வழி ஏது?

கடற்சுவர் கட்டாவிட்டால் மீனவர் வீடுகள் என்ன ஆகும் என்பதுதான் கனமான ஆட்சேபம். நாளை இரவு அலை வாசலுக்கு வரும் குடும்பத்திடம் மணல் சேரும்வரை பொறுத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அங்கே சுவர் வேண்டும். ஆனால் சுவர் மணலைத் தருவதில்லை. சுவர் முடியும் இடத்தில் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. வள்ளம் ஏற்றவும் கரைவலை இழுக்கவும் இடம் போகிறது. துறைமுகமும் வேண்டியதே. ஆனால் அதன் வாயிலில் வள்ளங்கள் கவிழ்ந்து எத்தனையோ மீனவர்களை இழந்துவிட்டோம். 2025 ஏப்ரலில் மணல் மூடி அந்த முகத்துவாரமே அடைபட்டது. அங்கே தேவையில்லாமல் குவியும் மணலும், அஞ்சுதெங்கில் இல்லாமற்போன மணலும் ஒன்றே. தூர்வாரும் மணலை விற்காமல் ஆண்டுதோறும் வடகரையில் கொட்டுவதைத் துறைமுகப் பராமரிப்பின் பகுதியாக்க வேண்டும். ஆற்றில் மணல் அள்ளுவதற்கான கட்டுப்பாடும் தளரக் கூடாது. இவை இரண்டும் நடந்தால், வர்க்கலையிலிருந்து வருகிறவர் கோட்டை வாசல்வரை மணலிலேயே நடந்து வரலாம்.