மடியில் ஒரு கத்தி

(சோழவரம் வட்டாரத்து உழவர்களுக்காக வானொலியில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்கு நான் பேச வந்தது உரத்தைப் பற்றியும் இல்லை, விதையைப் பற்றியும் இல்லை. உங்க மடியில் இருக்கிற ஒரு சிறு கத்தியைப் பற்றி. இருந்து, இப்போ இல்லாமல் போன கத்தி என்றும் சொல்லலாம். "இதுக்கெல்லாம் ஒரு பேச்சா?" என்று கேட்பீங்க. ஒரு சின்ன சம்பவத்தைச் சொல்றேன், கேளுங்க.

சோழவரம் ஏரிக்கரை ஓரமாக ஒரு கன்றுக்குட்டியை முளைக்குச்சியில் கட்டிப் போட்டிருந்தார்கள். அது மேய்ந்துகொண்டே சீமைக் கருவேல மரத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டது. கயிறு கழுத்தை இறுக்கி, நாக்கு வெளியே தள்ளிவிட்டது. நைலான் கயிறு. இழுக்க இழுக்க முடிச்சு இறுகுமே தவிர அவிழாது. சுற்றி நின்றவர்கள் நாலைந்து பேர். எல்லார் கையிலும் செல்போன் இருந்தது, ஒருத்தர் கையிலும் கத்தி இல்லை. அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் இடுப்பு வாரில் செருகியிருந்த மடக்குக் கத்தியை எடுத்தார். கயிற்றை அறுத்தார். கன்று இரண்டு தரம் இருமிவிட்டு எழுந்து நின்றது. அவர் கத்தியை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார். அந்தக் கத்தியின் விலையையும் ஒரு கன்றின் விலையையும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

நம்ம பெரியவர்கள் கத்தி இல்லாமல் வெளியே கிளம்பியதே கிடையாது. ஆம்பளைங்களுக்கு மடியில் பேனாக்கத்தி, பாட்டிமார்களுக்குச் சுருக்குப் பையில் பாக்குவெட்டி. பனை ஏறுகிறவர்களுக்கு இடுப்பில் அரிவாள்பெட்டி. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்றே ஒன்று இருந்தது. பிடியின் ஒரு பக்கம் எழுத்தாணி, மறு பக்கம் ஓலை நறுக்கச் சின்னக் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். ஆக, மடக்குக் கத்தி சீமையிலிருந்து வந்த சமாசாரம் என்று நினைக்க வேண்டாம்.

கத்தி வாங்கும்போது கூரைப் பார்ப்பதற்கு முன்னால் மூட்டைப் பாருங்க. விரித்துப் பிடித்து அலகை இடவலமாக ஆட்டினால் ஆடக்கூடாது. மடக்குக் கத்தியால் காயப்படுகிறவர்களில் நிறையப் பேருக்கு, அழுத்தி அறுக்கும்போது அலகு திரும்பி மடங்கித்தான் விரலில் படுகிறது. பிரான்சு நாட்டுச் சவோய் மலைப் பக்கத்து விவசாயிகளுக்காக 1890-ல் ஜோசப் ஒப்பினல் என்பவர் மரப்பிடி போட்ட ஒரு எளிய மடக்குக் கத்தி செய்தார். அது இன்றைக்கும் விற்கிறது. ஆனால் விரித்த அலகு தானாக மடங்காதபடி பிடியின் கழுத்தில் ஒரு வளையப் பூட்டு வந்தது 1955-ல்தான். நீங்க வாங்குகிற கத்தியில் ஏதாவது ஒரு பூட்டு இருக்கட்டும். இல்லையென்றால் மடக்காத கத்தியே மேல், தோல் உறையோடு. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் நம்ம ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுக்கிற கத்தி சளைத்தது இல்லை. எஃகு நல்ல எஃகு, கூர் நிற்கும். ஒரே குறை, துருப் பிடிக்கும். புளி, எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் உடனே கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்க. மூட்டுக்கும் அதே எண்ணெய் போதும். அந்தக் கத்தியால்தானே வெள்ளரிக்காயும் நறுக்கித் தின்கிறோம், கிரீஸ் எதுக்கு?

கூர் மழுங்கினதும் சாணை பிடிப்பவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேகமாகச் சுற்றுகிற சாணைச் சக்கரத்தில் தண்ணி விடாமல் பிடித்தால் கூர் ஓரம் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடம் பதம் இழந்த இடம். கொல்லர் காய்ச்சித் தண்ணியில் முக்கி ஏற்றிய பதம் அது, போனால் மறுபடி அவர் உலைக்குத்தான் போகணும். வீட்டுத் தீட்டுக்கல்லை நனைத்து, கத்தி முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு காசு நுழைகிற அளவு தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கம் பத்து இழுப்பு, அந்தப் பக்கம் பத்து இழுப்பு. அவ்வளவுதான். மா ஒட்டுக் கட்டுகிறவர்கள் வைத்திருக்கிற ஒட்டுக்கத்தி மட்டும் விலக்கு. அதன் சரிவு ஒரு பக்கம்தான், அந்தப் பக்கத்தை மட்டும் தீட்டுங்க. மழுங்கிய கத்தி பட்டையை நசுக்கும், நசுங்கின இடத்தில் ஒட்டுப் பிடிக்காது.

இதோடு சேர்ந்த இன்னொரு தப்பு, கத்தியைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று அடுப்புத் தீயில் காட்டுவது. அதிலும் பதம் போகும். அலகைக் கொதிக்கிற தண்ணியில் பத்து நிமிஷம் வைத்தால் பதத்துக்கு ஒன்றும் ஆகாது. எதுக்கு இந்தச் சுத்தம் என்றால், தக்காளி, மிளகாய், புகையிலையில் தேமல் நோய் வருகிறது பாருங்க, அதில் ஒரு வகை, நோய்ச்செடியைத் தொட்ட கையிலும் வெட்டின கத்தியிலும் ஒட்டிய சாறு வழியாகவே அடுத்த செடிக்குப் போகும். நோய்ச்செடியைக் கிள்ளின கத்தியோடு நல்ல செடிக்குப் போகாதீங்க. பூச்சிமருந்துப் பொட்டலத்தை அறுக்க ஒரு பழைய பிளேடைத் தனியாக மருந்து வைக்கிற இடத்திலேயே வைத்துவிடுங்க. பொட்டலம் அறுத்த கத்தியாலேயே மத்தியானம் வெங்காயம் நறுக்குகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பசு கன்று போட்டால் தொப்புள்கொடி அறுக்கவும் இந்தக் கத்தியைத்தான் தேடுவீங்க. கொதிநீரில் போட்டு எடுத்த பிறகு அறுங்க. உடம்பிலிருந்து ஒரு அங்குலம் தள்ளிச் சுத்தமான நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே அறுத்து, டிங்சர் அயோடின் தடவணும். சாணமும் மண்ணும் ஒட்டின கத்தி உங்க கையில் பட்டாலும் சாதாரணம் என்று விடாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தைக் காட்டி, டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்க.

இப்போ நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்தக் கத்தி தொடவே கூடாத இடம் ஒன்று உண்டு. அது பாம்புக் கடி.

நவரை நடவுக்கு ராத்திரி தண்ணி கட்டப் போவீங்க. வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கும். கடித்ததும் கூட இருக்கிறவர் மடியிலிருந்து கத்தியை எடுத்துக் கடிவாயைக் கீறி, ரத்தத்தைப் பிழிந்து விடுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. நீங்க கீறின அந்தச் சின்னக் கீறலே நிற்காமல் ஒழுகும். நரம்பும் அறுபடலாம், சீழும் பிடிக்கலாம். விஷம் மட்டும் வெளியே வராது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், சுருட்டை விரியன் எதுவானாலும் கீறக்கூடாது, வாய் வைத்து உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், எலும்பு முறிந்தால் சிம்பு வைப்பது மாதிரி குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, 108-க்குப் போன் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்க. விஷமுறிவு மருந்து அங்கேதான். அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தை எடுப்பவர்களும் நம்மவர்களே. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த வேலையைச் செய்து வருகிறது.

அந்த நேரத்தில் கத்திக்கு ஒரே ஒரு வேலை உண்டு. கை கால் வீங்குவதற்குள் மணிக்கட்டுக் கயிறு, கொலுசுக் கயிறு, இறுக்கமான சட்டைக் கை, இவற்றை அறுத்துவிடலாம். மோதிரம் மெட்டியைக் கழற்றணும். ஏற்கெனவே யாராவது அவசரப்பட்டு இறுக்கிக் கட்டுப் போட்டிருந்தால் அந்தக் கட்டை மட்டும் நீங்க அறுக்காதீங்க. டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது அவிழ்க்கட்டும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிக்கு விலக்கு உண்டு. மூணு அங்குல மடக்குக் கத்தியோடு வயலுக்குப் போகிறவர் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பொத்தானை அமுக்கினால் படக்கென்று திறக்கிறதே, சினிமா வில்லன் கையில் வருகிற ராம்பூர்க் கத்தி மாதிரி, அது விவசாயிக்கு எதற்கு? கோர்ட், கலெக்டர் ஆபீஸ், ஓட்டுச்சாவடி, கட்சிக் கூட்டம் போகிற அன்றைக்குக் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் காலையில் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு அதே கால்சட்டையோடு பஸ் ஏறுகிறார்கள். கம்பெனி வாசலில் சோதனை போடும்போது பையில் கத்தி இருந்தால் வீண் பேச்சு. விமானம் ஏறுகிறவர்கள் கைப்பையில் வைக்கவே கூடாது, பிடுங்கிக்கொள்வார்கள். ஒப்படைக்கிற பெட்டியில் வைக்கலாம்.

கடைசியாக, பரண் மேல் கிடக்கிற பழைய கத்திகள். தாத்தாவின் பேனாக்கத்தி, பாட்டியின் பாக்குவெட்டி, பிடி உடைந்த பாளை அரிவாள், இதையெல்லாம் பேரீச்சம்பழ வண்டிக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். பூனாவில் தினகர் கேல்கர் என்று ஒருவர் இருந்தார். வீட்டில் புழங்கின இந்த மாதிரிச் சாமான்களையே வாழ்நாள் பூரா ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். பாக்குவெட்டிகளிலேயே எத்தனை தினுசு! 1962-ல் அத்தனையையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். சின்ன வயசிலேயே இறந்துபோன தம் மகன் ராஜாவின் பேரில் அது இன்றைக்கு ஒரு அருங்காட்சியகம். நீங்க அவ்வளவு செய்ய வேண்டாம். ஒரு தகர டப்பா போதும். துருவை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, உலர்ந்த துணியில் சுற்றுங்க. தோல் உறையில் போட்டு வைக்காதீங்க, தோல் ஈரம் இழுக்கும். கத்தி யாருடையது, எந்தக் கொல்லர் அடித்தது, எதுக்குப் புழங்கினது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்க. கேட்டுச் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடணும்.

ஆயுத பூசைக்கு வெளியே எடுத்துச் சந்தனம் குங்குமம் வைப்பீங்க. வையுங்க. மறுநாள் மறக்காமல் துடைத்து எண்ணெய் போட்டு உள்ளே வையுங்க. ஈரச் சந்தனம் இருந்த இடத்தில்தான் முதல் துரு பிடிக்கும்.