ஃப்ளோரிடா ஸ்டேட்டும் 2036 வரைக்குமான கையெழுத்தும்

இன்னைக்கு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். ஹெல்மெட் போட்டுக்கிட்டு மோதுவாங்களே, அது. ஆனா நாம பேசப்போறது ஆட்டத்தைப் பத்தி இல்ல, ஒரு அக்ரிமெண்டைப் பத்தி.

முதல்ல ஒரு விஷயம். அங்க கல்லூரி டீம்கள் எல்லாம் கான்ஃபரன்ஸ்னு ஒரு கூட்டமைப்புல இருக்கும். யார் கூட ஆடணும்னு முடிவு பண்றது, டிவி உரிமையை மொத்தமா வித்து காசைப் பிரிச்சுக் கொடுக்கிறது, எல்லாம் அந்தக் கூட்டமைப்புதான். ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி 1991-லிருந்து ஏ.சி.சி.-ல இருக்கு. அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்.

2023 சீசன்ல இவங்க முதல் 13 மேட்ச்லயும் ஜெயிச்சாங்க. ஏ.சி.சி. சாம்பியன். ஆனா தேசிய பட்டத்துக்கான நாலு டீம்ல இடம் கிடைக்கல. குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பர்ல கால் உடைஞ்சு வெளிய போயிட்டார், அவர் இல்லாத டீம் பழைய டீம் இல்லன்னு கமிட்டி நினைச்சது. ஒரு தோல்வி கண்ட அலபாமா உள்ள போச்சு. பெரிய கான்ஃபரன்ஸ் ஒண்ணுல தோக்காம சாம்பியன் ஆன டீமை அந்தக் கமிட்டி ஒதுக்கினது அதுதான் முதல் தடவை. ஆடின பசங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

டிசம்பர் 22-ஆம் தேதி, யுனிவர்சிட்டி கோர்ட்டுக்குப் போச்சு. ஏ.சி.சி. இதை மோப்பம் பிடிச்சு, ஒரு நாள் முந்தியே வட கரோலினாவுல கேஸ் போட்டுடுச்சு. எந்த ஊர் கோர்ட்ல நடக்கணும்னே ஒரு சண்டை!

சரி, பிடிக்கலன்னா கிளம்ப வேண்டியதுதானே? இங்கதான் அக்ரிமெண்ட் வருது. வெளிய போற கட்டணம் மட்டும் சுமார் 13 கோடி டாலர். அதுகூடப் பெரிய பிரச்சனை இல்ல. ‘கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்’னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு டீமும் தன் சொந்த மைதானத்துல ஆடுற மேட்ச்களோட டிவி உரிமையை 2036 வரைக்கும் ஏ.சி.சி.-க்கு எழுதிக் கொடுத்திருக்கு.

நம்ம பாஷையில சொன்னா, கேம்பஸ்ல செலக்ட் ஆகி பாண்ட் போட்டுட்டு வேலைக்குச் சேருறோம்ல? பாண்ட் பணத்தைக் கட்டிட்டு வெளிய வந்துடலாம். இங்க அப்படி இல்ல. புது கம்பெனியில நீங்க எழுதுற கோடும் பழைய கம்பெனிக்குத்தான் சொந்தம். அப்படிப்பட்ட ஆளை யார் வேலைக்கு எடுப்பா? எல்லாம் சேத்து, வெளிய போக 57.2 கோடி டாலர் ஆகும்னு ஃப்ளோரிடா ஸ்டேட் கணக்கு சொல்லுச்சு. நம்ம காசுல 4,700 கோடி ரூபாய்க்கு மேல.

இதை யாரும் ஏமாத்தி வாங்கல. மேரிலாண்ட் யுனிவர்சிட்டி பிக் டென் கான்ஃபரன்ஸுக்குக் கிளம்பப் போறேன்னு 2012-ல அறிவிச்சதும் மிச்சம் இருந்தவங்களுக்குப் பயம். அடுத்து யார் ஓடுவாங்களோன்னு 2013-ல எல்லாரும் சேர்ந்து ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்போட்டுக்கிட்டாங்க. 2016-ல சொந்த டிவி சேனல் வரப்போகுதுன்னு அதே கட்டை 2036 வரைக்கும் நீட்டினாங்க. ஃப்ளோரிடா ஸ்டேட் ரெண்டு தடவையும் கையெழுத்து போட்டுச்சு. அதனால ‘எங்களுக்கு அநியாயம்’னு அவங்க வக்கீல் பேசுறப்ப எனக்குப் பெருசா இரக்கம் வரல. பிக் டென், எஸ்.இ.சி. டீம்களுக்கு டிவி காசு ரொம்ப அதிகம். அந்த இடைவெளிதான் உண்மையான வலி. 13-0 பசங்களோட கண்ணீர் அதுக்கு நல்ல முகப்பா அமைஞ்சது.

நடுவுல ஒரு காமெடி. 2024-ல கலிஃபோர்னியாவுல இருக்கிற ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இந்த அட்லான்டிக் கடற்கரைக் கூட்டமைப்புல சேர்ந்தாங்க. பசிபிக் பக்கத்துல இருக்கிற கல்லூரிங்க! வாலிபால், சாஃப்ட்பால் ஆடுற பிள்ளைங்களும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பறக்கணும். ஃபுட்பால் காசுக்காக எடுத்த முடிவு, அவங்களை யாரும் கேக்கல.

2024 மார்ச்ல கிளெம்சனும் கேஸ் போட்டாங்க. அந்த சீசன்ல ஃப்ளோரிடா ஸ்டேட் 12 மேட்ச்ல ஜெயிச்சது ரெண்டே ரெண்டு. கோர்ட்ல ‘நாங்கதான் பெரிய டீம்’னு வாதாடுற நேரத்துல!

கடைசியில 2025 மார்ச்ல சமரசம். டிவி காசுல 60 சதவீதத்தை, யார் மேட்சை நிறைய பேர் பாக்குறாங்களோ அந்தக் கணக்குல பிரிப்பாங்க. வெளிய போற கட்டணம் வருஷா வருஷம் குறைஞ்சு, 2030-31-ல 7.5 கோடி டாலருக்கு வந்துடும். போறவங்க டிவி உரிமையையும் கூடவே எடுத்துட்டுப் போகலாம்.

பிக் டென்னோட இப்போதைய டிவி ஒப்பந்தம் முடியுறது 2030-ல. ரெண்டு தேதியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க மக்களே.